பீப் சத்தம் சொன்ன பொய்

ரிமோட் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும் வின்ச் நிற்கவில்லை. பின்சக்கரங்கள் சேற்றைவிட்டு வெளியே வந்துவிட்டன, வேலை முடிந்துவிட்டது, ஆனால் கயிறு சுருண்டுகொண்டே இருந்தது. நங்கூரமாகக் கட்டியிருந்த மரத்தை நோக்கி வண்டி தானாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பொத்தானை மறுபடி அழுத்தி விட்டுப் பார்த்தேன். ரிமோட்டையே பிடுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஓடிப்போய், வின்ச்சுக்கு மின்சாரம் போகும் கனெக்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வெள்ளையாக ஒரு பொறி, 'சடார்' என்று ஒரு சத்தம். வின்ச் நின்றது.

விறைத்து நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது முட்டாள்தனம். வேறு வழி இல்லாதபடி அந்த வயரிங்கை அமைத்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். இரண்டும் என்னுடையவைதான்.

மூச்சு வாங்கி முடித்ததும் ஒரு வாசனை வந்தது. சூடான பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாசனை. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் கேபிளை நீட்டித்திருந்த இடத்தில், சுற்றி வைத்திருந்த கருப்பு டேப் இளகி, பசை கசிந்து, ஒரு பக்கம் சுருங்கிப்போயிருந்தது. விரலால் தொட்டேன், உடனே எடுத்துவிட்டேன்.

கதை அதற்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்குகிறது. என் வின்ச் 12 வோல்ட், நாலேகால் டன் இழுக்கக்கூடியது. அதை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, வண்டியின் முன்னாலும் பின்னாலும் தேவைக்கேற்பச் செருகிக்கொள்ளும்படி செய்திருந்தேன். முன்னால் வைத்தால் பிரச்சினை இல்லை. பேட்டரி அங்கேதான் இருக்கிறது, வின்ச்சோடு வந்த இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான கேபிள் போதும். பின்னால் கொண்டுபோகத்தான் ஐந்து மீட்டர் வேண்டியிருந்தது. இருக்கிற இரண்டு கேபிளோடும் ஆளுக்கு மூன்று மீட்டர் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதே தடிமனில் கேபிள் கிடைத்தது. இரு முனைகளிலும் லக் (கேபிள் நுழையும் குழாயும் போல்ட் போடும் துளையும் உள்ள செம்பு முனை) அடித்தேன், லக்கோடு லக் வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன், டேப் சுற்றினேன். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொட்டேன். பீப் என்றது. ஆஹா, வேலை முடிந்தது.

அந்த பீப் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பெரும்பாலான மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடித்துவிடும். அப்படிச் சோதிக்கும்போது மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஓரிரு மில்லி ஆம்பியர்தான். என் வின்ச் முழுச் சுமையில் கேட்பதோ 400 ஆம்பியர். இணைப்பில் ஒரே ஒரு ஓம் மின்தடை இருந்தாலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் போகாது, மோட்டார் அசையவே அசையாது. அதற்கும் மீட்டர் சந்தோஷமாக பீப் அடிக்கும். ஓம் அளக்கும் நிலைக்கு மாற்றினாலும் பயனில்லை. மீட்டரின் இரண்டு கம்பிகளுக்கே 0.2 ஓம் வரை மின்தடை இருக்கும், நாம் தேடுவதோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு நண்பர். மின்கலத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்களைப் பழுதுபார்ப்பவர், கட்டைவிரல் தடிமன் கேபிளோடு தினமும் மல்லுக்கட்டுபவர். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சொலினாய்டு டக்டக்னு அடிச்சுதா?"

அடித்தது. வின்ச் நிற்காமல் ஓடத் தொடங்குவதற்குச் சற்று முன், இழுவை தளர்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து டக்டக்டக் என்று வேகமாகச் சத்தம் வந்தது. நான் அதை மோட்டார் திணறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"மோட்டார் இல்லண்ணே, உள்ள இருக்கிற கான்டாக்ட். வோல்ட் பத்தாம விட்டு விட்டுப் பிடிச்சிருக்கு. அதுலதான் பத்த வெச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு."

விஷயம் இதுதான். வின்ச் பெட்டிக்குள் இருக்கும் சொலினாய்டு ஒரு காந்தச் சுவிட்ச். பொத்தானை அழுத்தினால் சுருள் காந்தமாகி, இரண்டு தடித்த செம்பு முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும். அதைப் பிடித்து வைத்திருக்க அந்தச் சுருளுக்கு ஓரளவு வோல்ட் வேண்டும். என் அமைப்பில் அந்தச் சுருளுக்கான மின்சாரமும் அதே நீண்ட கேபிளின் மறுமுனையிலிருந்துதான் வந்தது. மோட்டார் முழு மூச்சில் இழுக்கும்போது கேபிளிலேயே வோல்ட் கரைந்துவிட, சுருளின் பிடி தளர்ந்து முனைகள் விலகின. விலகியதும் மோட்டார் நின்றது, வோல்ட் ஏறியது, சுருள் மறுபடி பிடித்தது, மோட்டார் இழுத்தது, வோல்ட் இறங்கியது. ஒவ்வொரு முறையும் முந்நூறு ஆம்பியர் சொச்சத்தில் ஒரு தீப்பொறி. சில வினாடிகளிலேயே முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய சுவிட்சுக்கு ரிமோட் ஒரு பொருட்டா?

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே போட்டோம். நண்பர் முதலில் நான் சேர்த்த கேபிளின் ஒரு முனையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "வெயிட்டே இல்லையே" என்றார். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. அலுமினியக் கம்பியின் மேல் செம்புத் தோல் போர்த்தியது. சிசிஏ என்பார்கள். வெளித் தடிமன் அதேதான், ஆனால் மின்தடை சுத்தச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். தோல் சுரண்டப்பட்ட இடத்தில் அலுமினியம் காற்றுப்பட்டதும் ஆக்சைடு படலம் கட்டிவிடும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு விற்கும் தடித்த கேபிள்களில் இது நிறையவே புழங்குகிறது. இழையைச் சுரண்டிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. நான் வாங்கும்போது அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

அடுத்தது இணைப்பு. நட்டைக் கழற்றினால், இரண்டு லக்குக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷர். அதை ஏன் அங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. வாஷர் போட்டால் நல்லது என்ற பொதுவான பக்தியாக இருக்கலாம். ஸ்டெயின்லெஸ் எஃகின் மின்தடைத் தன்மை செம்பைப் போல் நாற்பது மடங்கு. ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு, அது கடினமான உலோகம். செம்பும் செம்பும் அழுந்தினால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பல இடங்களில் தொடும். எஃகுப் பரப்பு வளைந்துகொடுக்காது, அங்கங்கே சில புள்ளிகளில் மட்டும்தான் தொடும். நானூறு ஆம்பியரும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். லக்கின் முகத்தில் வாஷர் உட்கார்ந்த வட்டம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. லக்கோடு லக் நேராக முகம் ஒட்டி நிற்க வேண்டும். வாஷர்கள் எல்லாம் வெளியே, நட்டுக்கும் போல்ட் தலைக்கும் கீழே.

மூன்றாவதாக, லக்கையே குறுக்கே அறுத்தோம். வைஸில் பிடித்து, ஹாக்ஸாவால் குழாய்ப் பகுதியின் நடுவே அறுத்து, வெட்டு முகத்தை அரத்தால் தேய்த்துப் பார்த்தோம். அவர் தன் பெட்டியிலிருந்து முன்பே அறுத்து வைத்திருந்த ஒரு நல்ல லக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, வட்டம் போய் அறுகோணமாகி, தேன்கூடு மாதிரி இடைவெளியே இல்லாமல் ஒரே உலோகமாகத் தெரிந்தன. எதுவரை குழாய், எதிலிருந்து இழை என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். என்னுடையது சுத்தியலால் அடித்து நசுக்கியது. நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் காலி இடம், அந்த இடத்தில் இழைகள் தனித்தனியாக, துடைப்பக் குச்சி மாதிரி. ஒரு குச்சியை ஊசியால் தள்ளினால் நகர்ந்தது. சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து ஏற்கெனவே பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது.

அந்த இரண்டு வெட்டுத்துண்டுகளையும் என் மேசைமேல் வைத்திருக்கிறேன். நான் படித்த எந்த விளக்கமும் சொல்லாததை அவை சொல்கின்றன.

சரி, புதிதாகச் செய்வது என்று முடிவானதும் முதல் கேள்வி தடிமன். நுண்ணிழைச் செம்பு கேபிளில் 35 சதுர மி.மீ. என்றால் மீட்டருக்குச் சுமார் 0.55 மில்லி ஓம். போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீட்டர். எதிர்மறைக் கேபிளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து மீட்டருக்கு 5.5 மில்லி ஓம், 400 ஆம்பியரில் 2.2 வோல்ட் போய்விடும். சுமையில் பேட்டரியே 11 வோல்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் மோட்டாருக்கு மிஞ்சுவது ஒன்பதுக்கும் கீழே. 70 சதுர மி.மீ. போட்டால் அதே தூரத்தில் இழப்பு 1.1 வோல்ட். அதற்கு மேல் 95 போட்டாலும் மிச்சமாவது கால் வோல்ட் சொச்சம்தான், ஆனால் கேபிள் வளைய மறுக்கும். எனவே 70.

வெப்பக் கணக்கும் பார்த்தேன். 35 சதுர மி.மீ. செம்பில் 400 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால், வெளியே வெப்பம் போகாவிட்டால், கிட்டத்தட்ட 40 டிகிரி சூடேறும். எழுபதில் அது 10 டிகிரி. வின்ச் ஒரு நிமிடம் இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும் கருவி என்பதால் கேபிள் எரிந்துபோவதில்லை. உண்மையில் கேபிளின் நடுப்பகுதி யாருக்கும் தொல்லை தருவதில்லை, அது நீளம் முழுக்கச் சூட்டைப் பரப்பிக்கொள்ளும். இணைப்புதான் தன் சூடு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் கேபிளை நீட்டிக்கும் யோசனையையே விட்டேன். பேட்டரியிலிருந்து பின்பக்கக் கனெக்டர் வரை ஒரே துண்டு. இருக்கிற இரண்டு மீட்டரை வீணாக்க மனம் வராததுதான் இந்தக் கூத்துக்கெல்லாம் தொடக்கம். ஆனாலும் இணைத்தே தீரவேண்டிய இடங்கள் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியை வின்ச் மேலிருந்து எடுத்து என்ஜின் அறைக்குள் வைப்பவர்கள் மோட்டாருக்குப் போகும் மூன்று கேபிள்களை நீட்டித்தாக வேண்டும். அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு கேபிள் முனைகளும் எதிரெதிரே நுழையும் செம்பு ஸ்லீவ் போட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு அழுத்தம். மற்றது, இன்சுலேட்டர் அடித்தளம் உள்ள ஸ்டட் (மரை போட்ட தண்டு) ஒன்றை உறுதியாகப் பொருத்தி, அதில் இரண்டு லக்கையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, மேலே மூடி போடுவது. கழற்ற வேண்டிவரும் இடம் என்றால் ஸ்டட், இல்லையென்றால் ஸ்லீவ். அந்தரத்தில் தொங்கும் போல்டும் டேப்பும் இரண்டிலும் சேராது.

லக்கை அழுத்திக் கேபிளோடு இறுக்கும் வேலையில், அதாவது கிரிம்ப் செய்வதில், நான் கற்றவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். கேபிளை ஹாக்ஸாவால் அறுத்தால் நுனி பிய்ந்து, லக்குக்குள் நுழைக்கும்போது நாலைந்து இழைகள் வெளியே நிற்கும். அவற்றை வெட்டி எறியும் ஆசை வரும். கேபிள் கட்டர் வைத்து ஒரே மூச்சில் நறுக்குவது நல்லது. இன்சுலேஷனை உரிக்கும்போது கத்தி இழையைத் தொடக்கூடாது, முக்கால் ஆழம் கீறிவிட்டு வளைத்தால் தானாகப் பிளந்துகொள்ளும். இழைகள் லக்கின் அடிவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சில லக்குகளில் ஒரு சிறு துளை இருக்கும், அதில் செம்பு தெரிய வேண்டும். ஹைட்ராலிக் கிரிம்பரின் அச்சில் 70 என்று பொறித்திருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. கைக்கு எட்டும் விலையில் வரும் கருவிகளில் அச்சு சற்றுப் பெரிதாகவே இருப்பது வழக்கம். என்னுடையதில் 70 அச்சு முழுக்க மூடிய பிறகும் இழை அசைந்தது, 50 அச்சில் போட்டபோது கச்சிதமாக உட்கார்ந்தது, ஓரத்தில் மெல்லிய காது மாதிரி கொஞ்சம் பிதுங்கியது, அதை அரத்தால் தேய்த்துவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க இரண்டு லக்குகளைப் பலிகொடுத்து அறுத்துப் பார்த்தேன். அந்த இரண்டும் வீண் இல்லை.

சால்டர் பற்றிக் கேட்பார்கள். லக்குக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றிக் கேபிளை முக்கினால் அதைவிட உறுதியான இணைப்பு உண்டா என்று. மின்சாரம் போவதில் குறை இல்லைதான். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்கிடையே மேலேறி, இன்சுலேஷனுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போய் உறையும். அதுவரை கேபிள் கம்பி போல் விறைப்பு, அதற்குப் பிறகு நெகிழ்வு. வண்டி குலுங்கக் குலுங்க அந்த எல்லையில்தான் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். இன்னொன்று, வழக்கமான ஈயக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். ஏதோ காரணத்தால் இணைப்பு சூடேறினால், சரியாக அது உதவ வேண்டிய நேரத்தில் ஒழுகிவிடும். அழுத்தி ஒன்றாக்கிய செம்புக்கு அந்தக் கவலை இல்லை. கிரிம்ப் செய்துவிட்டு அதன்மேல் சால்டரும் வைப்பவர்கள் உண்டு. கிரிம்ப் சரியாக இருந்தால் ஈயம் நுழைய உள்ளே இடமே இருக்காது என்பது என் வாதம். இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கனெக்டரில் நான் முன்பு போட்டிருந்தது ஆண்டர்சன் எஸ்பி175. பெயரிலேயே இருப்பதுபோல் அது 175 ஆம்பியர் வகை. கொஞ்ச நேரத்துக்கு அதற்கு மேலும் தாங்கும், ஆனால் 70 சதுர மி.மீ. கேபிளுக்கு அதன் குழல் போதாது. இப்போது எஸ்பி350. அன்றைக்குப் பொறி பறக்கப் பிடுங்கியதில் பழையதின் தகடுகளில் குழி விழுந்திருந்தது. இந்தக் கனெக்டர்கள் இவ்வளவு பெரிய சுமையோடு பிடுங்குவதற்குச் செய்தவை அல்ல. அந்த வேலைக்கு என்று பேட்டரியின் அருகே ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் வைத்திருக்கிறேன், கயிற்றிலிருந்து தூரமாக, பானட்டைத் திறக்காமலே கை எட்டும் இடத்தில். வின்ச் பயன்படுத்தாத நேரமெல்லாம் அது அணைந்தே இருக்கும். வண்டிக்கு அடியில் ஐந்து மீட்டருக்கு உயிருள்ள கேபிள் எந்நேரமும் படுத்திருக்க வேண்டியதில்லை.

அதே காரணத்துக்காகப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 500 ஆம்பியர் ஃபியூஸும் உண்டு. வின்ச்சுக்கு ஃபியூஸ் கூடாது, இழுவையின் நடுவில் போய்விட்டால் ஆபத்து என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கேபிள் ஒன்றரை மீட்டராக, கண்ணெதிரே இருந்தால் நானும் ஒருவேளை ஒப்புக்கொள்வேன். ஐந்து மீட்டர் சேசிஸ் ஓரமாக ஓடும்போது, ஒரு கல் கீறி இன்சுலேஷன் கிழிந்தால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். இந்த ஃபியூஸ் அந்த ஒரு நிகழ்வுக்குத்தான். மோட்டாரைக் காப்பாற்ற அல்ல.

எர்த்துக்குச் சேசிஸைப் பயன்படுத்தாமல் தனிக் கேபிள் இழுத்தேன். சேசிஸ் இரும்பு நிறையவே தடிமன், பிரச்சினை அதில் இல்லை. பெயின்ட், துரு, என்ஜினிலிருந்து வரும் மெல்லிய பட்டை என்று அதன் வழியில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியது போதும் என்று விட்டுவிட்டேன்.

மோட்டார் முனைகளில் ஒரு எச்சரிக்கை. அந்த ஸ்டட்டில் உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு இருக்கும். வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஸ்டட்டே சுழன்று மோட்டாருக்குள் இருக்கும் கம்பியை முறுக்கிவிடும்.

எல்லாம் மாட்டியதும் நண்பர் மீட்டரோடு வந்தார். இந்த முறை பீப் இல்லை. மில்லிவோல்ட். பழைய அமைப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வின்ச் கான்டாக்டை மட்டும் மாற்றிவிட்டு, பிரேக் போட்டு நிறுத்திய இன்னொரு வண்டியைச் சில வினாடிகள் இழுக்கவைத்து ஒரு தடவை அளந்திருந்தார். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் இல்லை, கிளாம்ப் மீட்டரில் 250 ஆம்பியர். மல்டிமீட்டரின் ஒரு முனை இணைப்பின் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். எதிர்மறைப் பக்க இணைப்பில் 40 மில்லிவோல்ட், வாஷர் வைத்த இணைப்பில் 290. இருநூற்றைம்பது ஆம்பியரில் 290 மில்லிவோல்ட் என்றால் 72 வாட். என் மேசைமேல் இருக்கும் சால்டரிங் அயர்ன் 60 வாட். டேப்புக்குள் அதைவிடப் பெரிய ஒன்றை எரியவிட்டு, இரண்டு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறேன். பேட்டரியிலிருந்து வின்ச் வரை மொத்த இழப்பு 2.3 வோல்ட்.

இப்போது அதே சோதனை. பேட்டரி முனையிலிருந்து தொடங்கி, லக், ஃபியூஸ், ஐசொலேட்டர், கனெக்டர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்தார். மீட்டர் முனையை லக் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வைத்தார், ஏனென்றால் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலும் ஓர் இணைப்பு இருக்கிறதே. அங்கே 60 மில்லிவோல்ட் வந்தது. கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து மறுபடி இறுக்கினோம், 8 ஆனது. மற்ற லக்குகள் எல்லாம் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில். மொத்த இழப்பு 0.8 வோல்ட்.

இவ்வளவுக்கும் செலவில்லாத ஒரு வழி முதலிலேயே இருந்தது. கப்பியைப் போட்டுக் கயிற்றை இரட்டித்தால் வின்ச்சின் சுமை ஏறக்குறைய பாதியாகும், 400 ஆம்பியர் கேட்கும் இடத்தில் 250க்குள் முடிந்துவிடும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், அவ்வளவுதான். கப்பி அன்றைக்கும் வண்டியில்தான் கிடந்தது, இருக்கைக்கு அடியில்.

நண்பர் கிளம்பும்போது பின்பக்கக் கனெக்டரின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். லக் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஆனால் குழாய்ப் பகுதி வெறும் செம்பாக மின்னிக்கொண்டிருந்தது. சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை நான் கிரிம்ப் செய்வதற்கு முன்பு கேபிளில் கோத்திருக்க வேண்டும். அது மேசைமேல், வெட்டுத்துண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு முனையிலும் லக் அடித்தாயிற்று, இனி அதை எந்தப் பக்கமிருந்தும் நுழைக்க முடியாது.

"கட்டர எடுங்கண்ணே," என்றார்.